முன்பள்ளியில் என்ன நடக்கிறது?
ஒரு பயிற்சி ஆசிரியையின் கொப்பி சொல்லும் பாடங்கள்

"பாதர், என்ர மகள் நேசறிக்குப் போகத் தொடங்கி மூண்டு மாசம். இன்னும் ஆனா எழுதத் தெரியாது. மண்ணிலை விளையாடிப்போட்டு வாறாள். மண் விளையாட எங்கடை வளவிலை மண் இல்லையோ?"

சொந்தக் காணியை விட்டு இடம்பெயர்ந்து, உறவினர் வளவில் கொட்டில் போட்டு வாழும் ஒரு தாய் என்னிடம் இப்படிக் கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. வயலும் கிணறும் கைவிட்டுப் போன பின் பிள்ளைக்குக் கொடுக்கக் கல்வி ஒன்றுதான் மிச்சம் என்று எண்ணுகிற தாய் அவர். கூலி வேலைக்குப் போய் உழைத்த காசில் முன்பள்ளிக்கும் ஒரு பங்கு கொடுக்கிறார். அந்தக் காசுக்கு என்ன நடக்கிறது என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு.

அவருக்குப் பதில் சொல்வதற்காக நான் ஒரு பழைய கொப்பியைத் தேடி எடுத்தேன். அது ஒரு முன்பள்ளிப் பயிற்சி ஆசிரியை தன் கைப்பட எழுதிய கொப்பி. தன் பெயரையும் ஊரின் பெயரையும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு அவர் அதை என்னிடம் தந்திருந்தார். வன்னியில் பிறந்து, 2009ஆம் ஆண்டு தானும் முள்வேலிக்குள் இருந்து, முகாமில் இருந்தபடியே உயர்தரப் பரீட்சை எழுதியவர். பின்னர் முன்பள்ளி ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தார். 2010ஆம் ஆண்டின் பிற்பகுதியில், செட்டிகுளம் முகாம்களிலிருந்து மக்கள் திரும்பி வந்திருந்த ஒரு வன்னிக் கிராமத்துக்கு ஆறு வாரக் கற்பித்தல் பயிற்சிக்காக அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபது.

முன்பள்ளி என்று அங்கே இருந்தது தகரக் கூரையும் தறப்பாள் சுவரும் கொண்ட ஒரு கொட்டில். மூன்று முதல் ஐந்து வயது வரையான இருபத்து மூன்று பிள்ளைகள். அனுபவமுள்ள ஆசிரியை ஒருவர். பிள்ளைகள் அவரைப் "பெரிய ரீச்சர்" என்பார்கள். காலபோக விதைப்புக் காலமாதலால் தாய்மாரும் தகப்பன்மாரும் விடிய முன்னரே வயலுக்குப் போய்விடுவார்கள்.

முன்பள்ளி என்ற எண்ணம் எப்படி வந்தது?

கொப்பிக்குள் போகுமுன் சிறிது வரலாற்றைப் பார்ப்போம். சிறு பிள்ளைகளுக்கென்று தனியான ஒரு பள்ளியை 1837ஆம் ஆண்டு ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பேர்க் என்ற சிற்றூரில் தொடங்கியவர் பிரெட்ரிக் புரோபல். 1840இல் அதற்கு அவர் ஒரு பெயர் வைத்தார். அதன் பொருள் "பிள்ளைகளின் தோட்டம்". மரக்கட்டைகள், பந்துகள், பாட்டு, உண்மையான தோட்ட வேலை ஆகியவற்றால் பிள்ளைகள் கற்கிறார்கள் என்பது அவருடைய கொள்கை. "கிண்டர்கார்டன்" என்று உலகம் முழுவதும் வழங்கும் சொல் அதுவே.

அடுத்தவர் மரியா மொண்டிசோரி. இத்தாலியில் வைத்தியராக இருந்தவர். உரோமை நகரில் சன் லொறென்சோ என்ற வறிய பகுதியில், பெற்றோர் வேலைக்குப் போனபின் பார்ப்பாரின்றித் திரிந்த பிள்ளைகளுக்காக 1907ஆம் ஆண்டு சனவரியில் "பிள்ளைகள் இல்லம்" ஒன்றைத் திறந்தார். வயலுக்குப் போகும் எமது பெற்றோரின் நிலையும் அதுதானே! பிள்ளையின் உயரத்துக்கேற்ற தளபாடம், பிள்ளை தானே எடுத்துச் செய்யக்கூடிய பொருள்கள், ஆசிரியர் குறைவாகப் பேசி அதிகமாகக் கவனித்தல் ஆகியவற்றை அவர் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1939இல் இந்தியாவுக்கு வந்த அவர் போரின் காரணமாக அங்கேயே தங்க நேர்ந்தது. 1944இல் இலங்கைக்கும் வந்தார். இன்றும் எமது நாட்டில் பலர் முன்பள்ளியை "மொண்டிசோரி" என்றே அழைப்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

ஆகவே மண்ணும் கட்டையும் பாட்டும் வைத்துக் கற்பிப்பது வசதியில்லாத கொட்டிலுக்காக எவரோ கண்டுபிடித்த குறுக்கு வழி அல்ல. முதலிலிருந்தே முன்பள்ளியின் வழி அதுவே.

முதல் வாரம்: கற்பிக்கப் போனவர் கற்றுக்கொண்டது

எங்கள் பயிற்சி ஆசிரியை முதல் நாளுக்கு நல்ல ஆயத்தத்தோடு போனார். பாடக்குறிப்பு எழுதியிருந்தார். பிள்ளைகளை நான்கு வரிசையாக இருத்தி, கரும்பலகையில் "அ" எழுதி, அம்மா, அணில் என்று படம் காட்டி, பின்னர் கொப்பியில் எழுதுவிப்பதே திட்டம். பத்து நிமிடம் போகவில்லை. ஒரு பிள்ளை அழுதது. இரண்டு பிள்ளைகள் ஒரு பென்சிலுக்காகச் சண்டை பிடித்தன. ஒன்று படலையடிக்கு நடந்துவிட்டது. மற்றவை எழுந்து ஓடின. அவர் சத்தம் போட்டார். எவரும் கேட்கவில்லை. கையிலிருந்த தடியால் பக்கத்திலிருந்த தகரத்தில் ஓங்கி ஒரு அடி அடித்தார்.

கொட்டில் அமைதியானது. ஏழு பிள்ளைகள் பாயில் குப்புறப் படுத்துக் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் தலையைக் கையால் அமர்த்திப் பிடித்து, "படு, படு" என்று சொன்னது.

பெரிய ரீச்சர் ஒன்றும் பேசவில்லை. வந்து பாயில் இருந்து, மெல்லிய குரலில் ஒரு பாட்டைத் தொடங்கினார். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து அவரைச் சுற்றி இருந்தார்கள். பாட்டு முடிந்தபின் அந்தத் தடியை எடுத்துக்கொண்டு போய்க் கஞ்சி காய்ச்சும் அடுப்பில் வைத்துவிட்டார். அன்றிரவு கொப்பியில் எழுதப்பட்டிருப்பது இரண்டு வரிதான். தன் குரலைக் குறைக்க வேண்டும் என்பது ஒன்று. தனக்கும் அந்தச் சத்தம் பிடிக்காது என்பதை மறந்துபோனேன் என்பது மற்றது.

இதில் நாம் விளங்கிக்கொள்ள வேண்டிய இரண்டு விடயங்கள் உண்டு.

முதலாவது, நாலு வயதுப் பிள்ளை அசையாமல் நெடுநேரம் இருக்க முடியாது. அது குழப்படியுமல்ல, கீழ்ப்படியாமையுமல்ல. அந்த வயதின் இயல்பு. ஓடியும் தொட்டும் குலைத்தும் கட்டியுமே அதன் மூளை வளர்கிறது.

இரண்டாவது, ஆபத்தைக் கண்ட பிள்ளையின் உடல் அதை மறப்பதில்லை. திடீர்ச் சத்தத்துக்குத் துள்ளி விழுதல், தாயின் சேலையை விடாமல் பிடித்தல், முன்பு பேசிய பிள்ளை பேசாமல் போதல், விட்டுப்போன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்ப வருதல், ஒரே சண்டை விளையாட்டைத் திரும்பத் திரும்ப விளையாடுதல் ஆகிய எல்லாம் இதன் அடையாளங்கள். இதற்காகப் பிள்ளையை ஏசுவதோ அடிப்பதோ நெருப்புக்கு எண்ணெய் வார்ப்பது போலாகும். பெரும்பாலான பிள்ளைகள் அன்பான பெரியவர் ஒருவரும் ஒழுங்கான நாளாந்த வாழ்வும் கிடைக்கும்போது மெல்லமெல்லத் தேறிவிடுவார்கள். மாதக்கணக்காகக் குறையாவிட்டால் குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியசாலையிலோ கேட்பது நல்லது.

ஒரே நேரம், ஒரே இடம், ஒரே முகம்

இரண்டாம் வாரம் பயிற்சி ஆசிரியை தன் பாடக்குறிப்பை மாற்றினார். எழுத்துக்கு முன் ஒழுங்கு என்று முடிவு செய்தார். பெரிய ரீச்சர் நடத்திவந்த நேரசூசியையே தானும் பின்பற்றினார். அது வருமாறு:

காலை 8.30: வருகை. செருப்பைக் கழற்றி வாசலில் வரிசையாக வைத்தல், கை கழுவுதல்.
8.45: எல்லோரும் வட்டமாக இருத்தல். ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி வரவேற்றல், பாட்டு, இன்று மழையா வெயிலா என்று பார்த்தல்.
9.10: விளையாட்டு மூலைகள். மணல், விதைகள், களிமண், வீடு கட்டி விளையாடுதல். எங்கே போவது என்பதைப் பிள்ளையே தெரிவு செய்யும்.
10.00: கை கழுவிச் சிற்றுணவு.
10.20: வெளி விளையாட்டு.
10.50: கதை.
11.15: மறுபடியும் வட்டம். பாட்டு, விடைபெறுதல்.

வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு நேரசூசி எப்படி விளங்கும்? ஒவ்வொரு வேலைக்கும் ஒரு படம் கீறி, கயிற்றில் உடுப்புக் கிளிப்பால் தொங்கவிட்டார். ஒரு வேலை முடிந்ததும் ஒரு பிள்ளை எழுந்து அந்தப் படத்தைத் திருப்பிவிடும். இரண்டு வாரத்துக்குள் பிள்ளைகளே அவருக்கு நினைவூட்டினார்களாம். ஒரு நாள் மழையினால் கதையைக் கைவிட அவர் எண்ணியபோது, "கதைப் படம் திருப்பேல்லை ரீச்சர்" என்று ஒரு சிறுமி எழும்பி நின்றாள்.

இது சிறிய விடயமாகத் தோன்றலாம். ஆனால் எமது பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். இரவோடிரவாகப் புறப்பட்டவர்கள். இன்று ஒரு கோயில் மண்டபம், நாளை ஒரு பாடசாலை, அடுத்த மாதம் ஒரு மரநிழல் என்று திரிந்தவர்கள். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாதபோது பெரியவர்களுக்கே நித்திரை வராது. கதைக்குப் பிறகு பாட்டு, பாட்டுக்குப் பிறகு அம்மம்மா வருவா என்று தெரிந்த பிள்ளையின் மனம் ஓய்வு கொள்கிறது. ஓய்ந்த மனந்தான் கற்கும்.

மண்ணில் என்ன படிக்கிறார்கள்?

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். மூன்றாம் வாரத்தில் பயிற்சி ஆசிரியை ஒவ்வொரு மூலையிலும் பேசாமல் இருந்து, பிள்ளைகள் செய்வதை எழுதியிருக்கிறார்.

மணல் மூலையில் ஒரு சிறுவன் சிறிய சிரட்டையால் மணல் அள்ளிப் பெரிய சிரட்டையை நிரப்பினான். மூன்று முறை போட நிரம்பியது. நாலாவது வழிந்தது. கொட்டிவிட்டு மறுபடியும் செய்தான். கொத்தும் புசலும் அளந்து பழகிய உங்களுக்கு அவன் என்ன படித்தான் என்று நான் சொல்லத் தேவையில்லை. அளவு, கூட, குறைய என்பவற்றை எண் எழுதுமுன் கையால் படித்துவிட்டான்.

விதை மூலையில் கௌபி, பயறு, உழுந்து, சோளம் கலந்திருந்த சுளகிலிருந்து ஒவ்வொன்றையும் தனித்தனிச் சிரட்டையில் பிரித்தார்கள். நிறம், வடிவம், பருமன் பார்த்து வேறுபிரித்தல் இது. "ப"வையும் "ம"வையும், "ன"வையும் "ண"வையும் பிரித்தறியப் போகும் கண்ணுக்கு இதுவே பயிற்சி. (ஓர் எச்சரிக்கை: மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குச் சிறு விதைகளைக் கொடுக்கக் கூடாது. மூக்கிலோ காதிலோ விதை போய்விட்டால் நீங்கள் கிண்டி எடுக்க முயலாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.)

களிமண் மூலையில் உருண்டை உருட்டினார்கள். மாடு செய்தார்கள். உழவு இயந்திரம் செய்தார்கள். விரலால் நசித்தும் உருட்டியும் கிள்ளியும் செய்கிற ஒவ்வொரு வேலையும் பென்சில் பிடிக்கப் போகும் விரல்களைப் பலப்படுத்துகிறது.

வீட்டு மூலையில் நிவாரண வரிசை விளையாடினார்கள். ஒருவர் அட்டை பார்த்தார். ஒருவர் மா நிறுத்தார். மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள். பயிற்சி ஆசிரியைக்கு முதலில் மனம் நொந்தது. பின்னர் கவனித்தார். தன் முறை வரும்வரை பொறுத்தல், கேட்டு வாங்குதல், பங்கிடுதல், "உங்களுக்கு எத்தினை பேர்?" என்று எண்ணுதல் எல்லாம் அதற்குள் இருந்தன. கண்டதை விளையாடித்தான் பிள்ளை அதை விளங்கிக்கொள்கிறது. தடுக்கத் தேவையில்லை என்று எழுதினார்.

அப்படியானால் எழுத்து எப்போது? நாலு வயதில் மணிக்கட்டிலுள்ள எட்டு எலும்புகளில் பல இன்னும் முற்றாத குருத்தாகவே இருக்கும். அந்தக் கையில் பென்சிலைத் திணித்துப் பக்கம் பக்கமாக எழுதுவித்தால் கை நோகும். அதோடு பள்ளிக்கூடமும் நோகத் தொடங்கும். விதைத்த மூன்றாம் நாள் மண்ணைக் கிளறி முளை வந்ததா என்று எவரும் பார்ப்பதில்லையே. ஏடு தொடக்கும்போது எங்கள் பெரியவர்கள் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவித்தார்கள். பிஞ்சுக் கைக்கு விரலும் அரிசியும் மணலுந்தான் பொருத்தமான எழுதுகருவிகள். கொப்பியும் பென்சிலும் தரம் ஒன்றில் வரும். அவற்றுக்கு ஆயத்தமான கண்ணும் காதும் கையும் நாவும் முன்பள்ளியில் உருவாகின்றன.

இதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாந்தி என்ற ஊரில் 1962ஆம் ஆண்டு வறிய கறுப்பினக் குடும்பங்களின் பிள்ளைகளைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. 123 பிள்ளைகளில் 58 பேர் நல்ல முன்பள்ளி ஒன்றில் சேர்க்கப்பட்டார்கள். மற்றவர்கள் சேர்க்கப்படவில்லை. அந்த முன்பள்ளியில் பிள்ளைகள் தாமே திட்டமிட்டு விளையாடினார்கள். ஆசிரியர்கள் வாரந்தோறும் வீடுகளுக்குச் சென்று தாய்மாரோடு பேசினார்கள். அந்தப் பிள்ளைகளை நாற்பது வயதுவரை பின்தொடர்ந்து பார்த்தபோது, முன்பள்ளி சென்றவர்களிடையே படிப்பை முடித்தவர்களும் நல்ல வருமானம் உள்ளவர்களும் கூடுதலாகவும், பொலிசாரால் கைது செய்யப்பட்டவர்கள் குறைவாகவும் இருந்தார்கள்.

ஒரு தவறு

நாலாம் வாரத்தில் நடந்த ஒன்றைப் பயிற்சி ஆசிரியை சிவப்புப் பேனையால் எழுதியிருக்கிறார். "இயற்கை மேசை" ஒன்று வைப்போம், நாளைக்கு எல்லோரும் வழியில் காணும் அழகான பொருள் ஒன்று கொண்டுவாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னார். பயிற்சியில் படித்த நல்ல முறை அது. மறுநாள் இலைகள், காகத்தின் சிறகு, நத்தை ஓடு, புளியங்கொட்டை எல்லாம் வந்தன. ஒரு பிள்ளையின் பையில் கறள் பிடித்த இரும்பு உருளை ஒன்றும் வந்தது.

பெரிய ரீச்சர் ஓடவுமில்லை, கத்தவுமில்லை. அந்தப் பையைத் தொடாமல் விட்டு, "வாங்கோ, ரயில் விடுவம்" என்று சொல்லிப் பிள்ளைகளை ஒருவர் பின் ஒருவராக மறுபக்கத்தால் வெளியே கூட்டிச் சென்று, வழமையாக நடக்கும் பாதையால் தூரத்து மரத்தடிக்குப் போனார். கண்ணிவெடி அகற்றுபவர்கள் வந்து அதை எடுத்துச் சென்றார்கள். எவருக்கும் ஒன்றும் நேரவில்லை.

புத்தகத்தில் உள்ள நல்ல முறையானாலும், கால் வைக்கும் நிலத்தைப் பார்த்தே அதைச் செய்ய வேண்டும் என்பது அவர் எழுதிய பாடம். பெற்றோருக்கும் இது பொருந்தும். போர் நடந்த நிலத்துக்குத் திரும்புகிறவர்கள் பிள்ளைக்கு மூன்று சொற்களைப் பாட்டாகவே பழக்கிவிடுங்கள்: தொடாதே, கிட்டப் போகாதே, வந்து சொல். வந்து சொன்ன பிள்ளைக்கு ஒருபோதும் அடி விழக் கூடாது. அடி விழுந்தால் அடுத்த முறை சொல்லாது.

செருப்புக் கழற்றாத சிறுவன்

அந்த வகுப்பில் நாலரை வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். பேத்தியாரோடு வாழ்ந்தவன். எவரோடும் பேசமாட்டான். வாசலில் செருப்பைக் கழற்றி வரிசையில் வைப்பது விதி அல்லவா? அவன் வைக்கமாட்டான். காலோடு வைத்திருப்பான். கழற்றச் சொன்னால் தன் பைக்குள் வைத்துப் பையை மடியில் வைத்துக்கொள்வான். சிற்றுணவுக்குக் கொடுக்கும் அவித்த கடலையில் பாதியைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வான்.

முதலிரண்டு வாரம் பயிற்சி ஆசிரியை அவனோடு போராடினார். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று நினைத்தார். ஒரு நாள் பேத்தியாரைக் கண்டு பேசியபோது அவர் சொன்னார்: "ஓடேக்கை செருப்பு விட்டுப்போச்சு பிள்ளை. வெறுங்காலோடை நாலு நாள் நடந்தவன். இப்ப படுக்கேக்கையும் தலைமாட்டிலைதான்."

அதன்பின் அவர் அவனிடம் செருப்பைப் பற்றிப் பேசவில்லை. மற்றப் பிள்ளைகள் கேட்டபோது, "அவர் விரும்பேக்கை வைப்பார்" என்று மட்டும் சொன்னார். தினமும் அவன் பெயர் சொல்லி வரவேற்றார். அவன் பதில் சொல்லாவிட்டாலும் அடுத்த பெயருக்கு அவசரப்படவில்லை. விதை மூலையில் அவன் பக்கத்தில் இருந்து தானும் பேசாமல் விதை பிரித்தார். கடலை முடிந்தபின் மிச்சச் சட்டியைத் திறந்து காட்டி, "நாளைக்கும் இருக்கு" என்று தினமும் சொன்னார்.

ஐந்தாம் வாரத்தின் புதன்கிழமை, மழை பெய்துகொண்டிருந்தது. வாசல் வரிசையில் ஒரு சோடி நீலச் செருப்புக் கூடுதலாக இருந்தது. அவர் எதுவும் சொல்லவில்லை. கை தட்டவுமில்லை. கொப்பியில் திகதியைப் போட்டு, கீழே ஒரு சோடி செருப்புப் படம் மட்டும் கீறி வைத்திருக்கிறார்.

விடைபெறுவதும் ஒரு பாடம்

ஆறாம் வாரத்தோடு அவருடைய பயிற்சி முடிந்துவிடும். சொல்லாமல் போய்விட்டால் பிள்ளைகள் அழமாட்டார்கள், அதுவே இலகு என்று சிலர் அவருக்கு ஆலோசனை சொன்னார்கள். பெரிய ரீச்சர் அதை மறுத்தார். இந்தப் பிள்ளைகள் சொல்லாமல் போனவர்களை நிறையக் கண்டுவிட்டார்கள் என்றார்.

கடைசி வாரத்தின் திங்கட்கிழமை ஒரு போத்தலில் ஐந்து புளியங்கொட்டை போட்டு வைத்தார். ஒவ்வொரு நாளும் ஒன்றை வெளியே எடுப்போம், போத்தல் வெறுமையாகும் நாளில் நான் என்ர ஊருக்குப் போவேன், பெரிய ரீச்சர் உங்களோடு இருப்பா என்று விளங்கப்படுத்தினார். செவ்வாயும் புதனும் கொட்டைகள் குறைந்தன. வியாழக்கிழமை அந்தச் சிறுவன் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவரிடம் வந்து கேட்டான்:

"ரீச்சர் போனாப் பிறகு கொட்டிலையும் கழட்டுவினமோ?"

அவன் எத்தனை கொட்டில்கள் கழற்றப்பட்டதைக் கண்டிருப்பான்! "இல்லை அப்பன், கொட்டில் இஞ்சைதான் நிக்கும்" என்று அவர் சொன்னார். ஆனால் அன்றிரவு எழுதியிருக்கிறார்: அந்த வாக்கைக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. அதைக் காப்பாற்றப் போகிறவர்கள் இந்த ஊர்ச்சனங்கள்.

கொட்டிலை நிற்கச் செய்பவர் யார்?

இந்தக் கட்டுரையின் முக்கிய கேள்வி இதுதான். எமது நாட்டில் தரம் ஒன்று முதலான பாடசாலைகளை அரசு நடத்துகிறது. முன்பள்ளிகள் பல ஊர்ச் சங்கங்களையும் உள்ளூர் அமைப்புகளையும் நம்பியே நடக்கின்றன. ஊர் கைவிட்டால் கொட்டில் விழும்.

இடம்பெயர்ந்த எங்களால் என்ன முடியும் என்று கேட்பீர்கள். இத்தாலியில் ரெஜ்ஜியோ எமிலியா நகருக்கு அண்மையில் வில்லா செல்லா என்றொரு கிராமம். 1945இல் போர் முடிந்தபோது அங்கே எஞ்சியிருந்தது இடிந்த வீடுகள்தான். பின்வாங்கிய ஜெர்மன் படை விட்டுப்போன ஒரு தாங்கியையும் சில வாகனங்களையும் குதிரைகளையும் கிராமத்தவர் விற்றார்கள். அந்தக் காசை என்ன செய்வது என்று கூடிப் பேசிச் சிறுபிள்ளைகளுக்குப் பள்ளி கட்டுவதென முடிவெடுத்தார்கள். ஒரு விவசாயி காணி கொடுத்தார். குண்டுவீச்சில் இடிந்த வீடுகளின் கல்லையும் மரத்தையும் பொறுக்கினார்கள். ஆற்று மணலை அள்ளினார்கள். ஆண்களும் பெண்களுமாகத் தம் கையாலேயே கட்டினார்கள். செய்தி கேட்டுச் சைக்கிளில் பார்க்க வந்த இளம் ஆசிரியர் லோரிஸ் மலகுட்சி, பிற்காலத்தில் அந்தப் பகுதி முன்பள்ளிகளை உலகமே வந்து பார்க்கும் நிலைக்கு வளர்த்தெடுத்தார். தொடக்கி வைத்தவர்கள் போரில் எல்லாம் இழந்த விவசாயிகளும் தொழிலாளரும்.

அத்தகைய பெரிய காரியம் உடனே வேண்டாம். பின்வருவனவற்றை இந்த மாதமே தொடங்கலாம்:

1. பெற்றோர் குழு ஒன்றை அமைத்து மாதம் ஒருமுறை கூடுங்கள். ஆசிரியைக்குக் கொடுக்கும் சிறு தொகை தவறாமல் கிடைக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். ஆசிரியை அடிக்கடி மாறினால் பிள்ளை திரும்பத் திரும்ப இழக்கிறது.

2. குடிநீர், மலசலகூடம், வேலி ஆகிய மூன்றையும் சிரமதானத்தால் செய்து முடியுங்கள்.

3. சிற்றுணவுக்கு முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீடு ஒரு நாள். அவித்த பயறு, கௌபி, கடலை, இலைக்கஞ்சி ஆகியவை கடை விசுக்கோத்தைவிடச் சத்தானவை.

4. விளையாட்டுப் பொருளுக்குக் காசு தேட வேண்டாம். சிரட்டை, பனங்கொட்டை, சோளப்பொத்தி, துணித்துண்டு, கழுவிய போத்தல் மூடி, சலித்த மணல் போதும்.

5. ஊரின் முதியவர்களை மாதம் ஒருமுறை கதை சொல்ல அழையுங்கள். விட்டுவந்த ஊரின் குளம், மரம், மாடு பற்றிப் பிள்ளை கேட்கட்டும். வெருளியைப் பற்றி நவாலியூர் சோமசுந்தரப் புலவர் பாடிய பாட்டு எங்கள் முதியவர்கள் பலருக்கு இன்றும் மனப்பாடம். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள்.

6. அடிக்கும் தடியைப் பெரிய ரீச்சர் அனுப்பிய இடத்துக்கே அனுப்புங்கள்.

7. சனவரி 31ஆம் திகதி ஐந்து வயது நிறைந்த பிள்ளை அந்த ஆண்டு தரம் ஒன்றுக்குப் போக வேண்டும். இடம்பெயர்வில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் கடைசி மாதம்வரை காத்திராமல் பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பியுங்கள்.

விளையாடுவது பிள்ளையின் உரிமை என்று 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமை உடன்படிக்கையின் 31ஆம் உறுப்புரை கூறுகிறது. இலங்கை 1991இல் அதை ஏற்று உறுதி செய்தது. ஆனால் அந்த உரிமை ஒரு கிராமத்துக்கு வந்து சேர்வது யாரோ ஒருவர் வேலி அடைத்து, மணல் சலித்து, கஞ்சி காய்ச்சும்போதுதான்.

அந்த ஊரார் கொட்டிலைக் கழற்றவில்லை. விதைப்பு முடிந்த கையோடு தறப்பாளை எடுத்துவிட்டுக் கிடுகு கட்டினார்கள். அந்தப் பயிற்சி ஆசிரியை இன்று தன் சொந்த ஊரில் ஒரு முன்பள்ளியை நடத்துகிறார். அவர் வகுப்பில் தடி இல்லை. வாசலில் செருப்பு வரிசை இருக்கிறது. கழற்ற விரும்பாத பிள்ளை கழற்றாமலே உள்ளே வரலாம்.

கேள்வி கேட்ட தாயிடம் இவை எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியாக ஒன்று கேட்டுக்கொண்டேன். உங்களிடமும் அதையே கேட்கிறேன். இன்றிரவு பிள்ளையை மடியில் வைத்து, "இண்டைக்கு என்ன எழுதினனி?" என்று கேட்க வேண்டாம். "இண்டைக்கு மண்ணிலை என்ன செய்தனி?" என்று கேளுங்கள். பிறகு அது சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.